இரட்டைக் குட்டிக் கிடாய்க்கு இரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செம்மறிக் கிடாய்களை 'இரட்டைக் குட்டி இனம்' என்று சொல்லி விற்பது தென் மாவட்டச் சந்தைகளிலும், கைப்பேசியில் வரும் காணொளி விளம்பரங்களிலும் பெருகிவருகிறது. சாதாரணப் பொலிகிடாயின் விலையைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆட்டுக்காரர்களும் கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். அந்தக் கிடாய்க்குப் பிறக்கும் பெட்டைகள் உண்மையிலேயே இரண்டு குட்டி ஈனுமா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டைகள் வளர்ந்து சினையாகி ஈன்ற பிறகுதான் உண்மை வெளிவரும். அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். ஆனால் கிடாய் பால்குடிக் குட்டியாக இருக்கும்போதே, சில துளி இரத்தத்தைக் கொண்டு இதைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனை இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இருக்கிறது. நம் நாட்டிலும் செய்யப்படுகிறது. கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பரிசோதனை நம் ஆட்டுக்காரர்களின் கைக்கு எட்ட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். அதைவிட உறுதியாக, அது எட்டும்போது கூடவே சொல்லப்பட வேண்டிய சில செய்திகளைச் சொல்லாமல் விட்டால், பரிசோதனையே கேடாக முடியும் என்றும் கருதுகிறேன். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டுக்காரர்கள் காலங்காலமாகக் கிடாயைத் தேர்ந்தெடுப்பது உயரம், நீளம், நெஞ்சகலம், கால் உறுதி, நிறம் ஆகியவற்றைப் பார்த்துத்தான். உடல் வளர்ச்சிக்கு அது நல்ல முறையே. பெரிய உடல் கண்ணுக்குத் தெரியும், தெரிந்ததில் கணிசமான பங்கு குட்டிக்கும் இறங்கும். குட்டி எண்ணிக்கை அப்படிப்பட்டதன்று. கிடாய் ஈனுவதில்லை என்பதால் அந்தக் குணம் அதன் உடலில் எந்த வடிவிலும் வெளிப்படாது. தாய் இரட்டை ஈன்றதா என்று விசாரித்து மகனைப் பிடிப்பவர்களும் உண்டு. அதுவும் முழுமையான வழியன்று. மழை நன்றாகப் பெய்து, அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்து ஆடுகள் தேறியிருக்கும் சமயத்தில் கிடாய் சேர்ந்தால், பரம்பரையில் சிறப்பு எதுவும் இல்லாத ஆடும் இரட்டை ஈனக்கூடும். அதே ஆடு வறட்சி ஆண்டில் ஒன்றோடு நின்றுவிடும். ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பதில் ஆட்டுக்கு ஆடு காணப்படும் வேறுபாட்டில், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பரம்பரையால் வருவது என்று செம்மறி ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. மீதியெல்லாம் தீனி, வயது, பருவம், நோய் ஆகியவற்றால் வருவது. ஆகவே கண்ணையும் காதையும் மட்டும் நம்பிப் பல தலைமுறை தேர்வு செய்தாலும் முன்னேற்றம் மிக மெதுவாகவே வரும்.

இந்தப் பொது நிலைக்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூமா என்ற ஊருக்கு அருகே பூரூலா என்னும் பண்ணையை நடத்திவந்த சியர்ஸ் சகோதரர்கள், தங்கள் மெரினோ மந்தையில் இரண்டும் மூன்றுமாக ஈன்ற ஆடுகளைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். கம்பளிக்குப் பேர்போன மெரினோ பொதுவாக அப்படி ஈனும் இனமன்று. 1950களின் இறுதியில் அந்த மந்தையிலிருந்து ஆடுகள் அந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுக்குப் போய்ச் சேர்ந்தன; ஹெலன் நியூட்டன் டர்னர் என்ற புகழ்பெற்ற மரபியலாளர் அவற்றை ஆராய்ந்தார். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பைப்பர், பிண்டன் ஆகியோரும் நியூசிலாந்தில் டேவிஸும், இவ்வளவு பெரிய வேறுபாடு பல சிறு மரபணுக்களின் கூட்டு விளைவன்று, ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று கணக்கிட்டுக் காட்டினர். 2001இல் நியூசிலாந்து, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன. ஆறாம் குரோமோசோமில் உள்ள பி.எம்.பி.ஆர்.1பி என்ற மரபணுவில், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது உருவாக்கும் புரதத்தின் 249ஆம் இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று வந்துவிடுகிறது. இந்த மாற்றத்தைத்தான் ஃபெக்-பி என்று அழைக்கிறார்கள்.

அடுத்து வந்த செய்தி நமக்கு மிக நெருக்கமானது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில், முழங்கால் அளவு நீர் தேங்கிய நிலத்திலும் இறங்கி மேயும் கரோல் என்ற சின்னஞ்சிறு செம்மறி இனம் இருக்கிறது. வளர்ந்த ஆடு பத்து முதல் பதினைந்து கிலோ எடைதான் இருக்கும். ஆனால் இரட்டையும் மும்மையும் அதற்கு வழக்கமான ஈற்று. அந்த இனத்திலும் அதே எழுத்து மாற்றமே இருப்பது 2002இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. 1792, 1793 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்காளச் செம்மறி ஆடுகள் கப்பலில் ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்குப் போயிருக்கின்றன. பூரூலா ஆடுகளின் குட்டிப் பெருக்கத்துக்கு அவையே மூலமாக இருக்கலாம் என்று டர்னர் அம்மையார் முன்பே கருதியிருந்தார். வங்காளத்துச் சேற்று நிலத்தில் ஏழை உழவர்கள் காத்துவந்த குணம்தான் இன்னொரு கண்டத்தின் ஆய்வகத்தில் பெயர் பெற்றது என்பதை நம் கால்நடைக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒடிசாவின் கேந்திரபாடா இனத்திலும் இந்த மாற்றம் பின்னர் கண்டறியப்பட்டது.

இந்த மரபணு செய்வது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் சூலகத்தில் பல கருமுட்டைப் பைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று பெரிதாகி முந்திக்கொள்ள, மற்றவை சுருங்கிவிடும். ஃபெக்-பி உள்ள ஆட்டில் அந்தப் பைகள் சிறிய அளவிலேயே முதிர்ந்துவிடுவதால், ஒன்றுக்குப் பதில் பல பைகள் ஒரே பருவத்தில் கருமுட்டையை வெளியிடுகின்றன. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இந்த மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் வந்திருந்தால், பூரூலா மெரினோவில் வெளியாகும் கருமுட்டை எண்ணிக்கை சராசரியாக ஒன்றரை கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதிகள் இருந்தால் ஏறத்தாழ மூன்று கூடுகிறது. பரிசோதனையும் கடினமானதன்று. இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்த இடத்தை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல மடங்காகப் பெருக்கி, குறிப்பிட்ட ஒரு நொதியால் வெட்டிப் பார்த்தால், பிரதி இல்லை, ஒன்று, இரண்டு என்ற மூன்று விடைகளில் எது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். கொரோனா காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். என்ற சொல்லைக் கேட்டறியாத சிற்றூர் தமிழ்நாட்டில் இல்லை. அதற்கான கருவிகளும் முன்பைவிடப் பரவலாகிவிட்டன.

இதை ஆய்வகத்தோடு நிறுத்தாமல் ஆட்டுப் பட்டிக்குக் கொண்டுபோன முன்னோடி முயற்சி மகாராஷ்டிரத்தில் நடந்தது. சதாரா மாவட்டம் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோல் ஆடுகளைக் கொண்டுவந்து, அங்குள்ள தக்காணி ஆடுகளுடன் சேர்த்து, ஃபெக்-பி உள்ள குட்டிகளைப் பரிசோதனையால் பிரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் உள்ளூர் இனத்தோடு இணைத்தது. சந்தா நிம்ப்கர் தலைமையிலான குழு, ஆஸ்திரேலிய அறிவியலாளர்களோடும் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 'நாரி சுவர்ணா' என்ற வகை உருவாயிற்று. நான் மிகவும் மதிப்பது அவர்கள் அதற்குப் பிறகு செய்த வேலையை. கிடாய்களைத் தங்கர் சமூக ஆட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ளாமல், அந்தப் பட்டிகளிலேயே எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை பிழைத்தது, பால் மறக்கும்போது எடை என்ன என்பதை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தார்கள். ஒரு பிரதி உள்ள பெட்டைகள் ஆட்டுக்காரர்களின் மேய்ச்சல் முறையிலேயே தக்காணியைவிடக் கூடுதல் குட்டிகளை ஈன்று வளர்த்தன என்பது அப்படித்தான் நிறுவப்பட்டது. ராஜஸ்தானில் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனமும் கரோல், மால்புரா, பட்டன்வாடி ஆகிய மூன்று இனங்களைச் சேர்த்து 'அவிஷான்' என்ற வகையை இதே மரபணுவைக் கொண்டு உருவாக்கியுள்ளது. அதில் கரோலின் பங்கு எட்டில் ஒன்றுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் காணொளி விளம்பரக்காரர்களுக்கு உதவி செய்தவனாவேன். அந்த மரபணு கருமுட்டையைக் கூட்டுகிறது; மடியைக் கூட்டுவதில்லை. ஒரு குட்டிக்குப் போதுமான பால் உள்ள ஆடு இரண்டு ஈன்றால், இரண்டும் எடை குறைவாகப் பிறந்து, இரண்டும் அரைவயிற்றோடு நிற்கும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறாரக் கிடைக்காத குட்டி மழைக்காலக் குளிரைத் தாங்காது. தாங்கினாலும் கழிச்சலுக்குத் தப்பாது. தாய்க்கும் ஆபத்து உண்டு. சினைக்காலம் ஐந்து மாதம்; வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை மாதத்தில்தான் நடக்கிறது. அந்தச் சமயத்தில் இரட்டைச் சினையாட்டுக்குத் தீனி போதாவிட்டால், அது தன் உடல் கொழுப்பைக் கரைத்து, அதனால் உண்டாகும் நச்சில் தீனி மறுத்து, தலை சாய்ந்து படுத்துவிடும். பல ஆடுகள் பிறகு எழுவதில்லை. கோடையில் இப்படிப் படுத்த ஆடுகளுக்கு மருந்து ஏற்றிப் பார்த்திருக்கிறேன். மருந்தகத்துக்குத் தூக்கிவரும் வேளையில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வந்தவர் இழந்தது ஒரு குட்டியை அல்ல, தாயையும் சேர்த்து மூன்று உயிர்களை.

ஆஸ்திரேலியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. பூரூலா மரபணு பெயர் பெற்ற அந்த நாட்டில், பரந்த மேய்ச்சல் வெளியில் கவனிப்பின்றி விடப்படும் மந்தைகளில் குட்டி இறப்பு மிகுந்ததால், சாதாரணப் பண்ணைகள் அதைப் பெரிய அளவில் ஏற்கவில்லை. மாறாக இஸ்ரேலில் வோல்கனி ஆராய்ச்சி மையம் அதே மரபணுவை அவாசி, அசாஃப் என்ற பால் இனங்களில் சேர்த்து வெற்றி கண்டது. அங்கே ஆடுகள் கொட்டிலில் இருக்கின்றன. சினைப் பரிசோதனை செய்து தீனி கொடுக்கிறார்கள். உபரிக் குட்டிகளைப் புட்டிப்பாலில் வளர்க்கிறார்கள். அந்த இனங்களுக்கு மடியிலும் பால் உண்டு. மரபணு ஒன்றே என்றாலும் விளைவு வேறாக அமைந்ததற்குக் காரணம் வளர்ப்பு முறைதான்.

நம் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி மேய்ச்சலை மட்டுமே நம்பி இருப்பவை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கீதாரிகள் அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களை நாடி, கிடை போட்டுக்கொண்டே நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். போகும் வழியில் ஈன்ற குட்டிகளைக் கூண்டில் அடைத்துத் தாங்களே சுமக்கிறார்கள். மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிவரும் இக்காலத்தில், அப்படி நடக்கும் மந்தையில் பெட்டைகள் அனைத்தும் மும்மை ஈன்றால் அது வரமாகாது. 'ஒரு குட்டி ஆனாலும் ஓங்கு தாங்காக இருக்கட்டும்' என்று மூத்த ஆட்டுக்காரர்கள் சொல்வதை அறியாமை என்று ஒதுக்கும் அதிகாரிகளோடு நான் பலமுறை மாறுபட்டிருக்கிறேன். அந்த ஆட்டுக்காரர்கள் சொல்வது தங்கள் மேய்ச்சலின் அளவை அறிந்து சொல்லும் சொல். அதே வேளையில் மேச்சேரி ஆட்டை வீட்டோரமாகக் கட்டி, வேலிமசாலும் அகத்தியும் சோளத்தட்டையும் போட்டு, பத்து இருபது உருப்படி வளர்க்கும் சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு இரட்டைக் குட்டி உண்மையான வருமானமாகும். எனவே யாருக்கு இந்தக் கிடாய் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பொருந்துபவர்களுக்கும் பிரதிகளின் கணக்கு புரிய வேண்டும். இரண்டு பிரதி உள்ள கிடாயை, பிரதி இல்லாத நம் ஊர்ப் பெட்டைகளுடன் சேர்த்தால், பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் தவறாமல் ஒரு பிரதி கிடைக்கும். சிறு வளர்ப்பாளருக்கு இதுவே போதுமான அளவு. ஒரு பிரதி மட்டும் உள்ள கிடாயை விட்டால் பாதிக் குட்டிகளுக்கே கிடைக்கும். எந்தப் பாதி என்பது கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் அடுத்த தலைமுறையில் வருகிறது. நன்றாக இருக்கிறதே என்று அதே கிடாயையோ அதுபோன்ற இன்னொன்றையோ அந்த மகள்கள்மேல் மறுபடியும் விட்டால், பிறக்கும் பெட்டைகளில் பாதிக்கு இரண்டு பிரதிகள் வந்துவிடும். அவை மூன்றும் நான்குமாக ஈன்று, குட்டிகளைக் காப்பாற்ற முடியாமல், பட்டிக்காரரை நட்டத்தில் தள்ளும். அவரும் இந்த இனமே ஆகாது என்று கைகழுவிவிடுவார். ஆகவே இரண்டாம் தலைமுறையில் பிரதி இல்லாத கிடாயை விட்டு, பிறக்கும் பெட்டைகளைப் பரிசோதித்து, ஒரு பிரதி உள்ளவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விற்க வேண்டும். கிடாய் வாங்கும் அன்று ஒருமுறை சோதித்தால் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு தலைமுறைக்கும் சோதனை கிடைக்காவிட்டால் தொடங்காமலே இருப்பது நல்லது.

கருவள மரபணு என்றாலே கூடக்கூட நன்மை என்ற எண்ணமும் தவறு. நியூசிலாந்தின் ராம்னி இனத்தில் கண்டறியப்பட்ட இன்வர்டேல் என்ற மாற்றம் எக்ஸ் குரோமோசோமில், பி.எம்.பி.15 என்ற மரபணுவில் இருக்கிறது. ஒரு பிரதி உள்ள ஆடு கூடுதலாக ஈனும். இரண்டு பிரதி உள்ள ஆட்டின் சூலகம் வளர்ச்சியடையாமல் போய், அது வாழ்நாள் முழுவதும் மலடாகவே இருக்கும். வெள்ளாட்டிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு: சானன் முதலிய ஐரோப்பிய இனங்களில், பிறவியிலேயே கொம்பில்லாத கிடாயையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் சில ஆண் பெண் குறிகள் கலந்து மலடாகப் பிறக்கின்றன. எந்தக் குணம் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தாலும், அது இரட்டிப்பாகும்போது என்ன ஆகும் என்பதைக் கேட்காமல் பெருக்கக் கூடாது.

மாடுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்வது பொருத்தம். அமெரிக்காவில் 1962இல் பிறந்த 'பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளையின் உறைவிந்து, அதன் மகள்கள் மிகுதியாகப் பால் கறந்ததால் உலகெங்கும் போயிற்று. அதற்குப் பிறந்த மகள்கள் மட்டும் 16,000. பேத்திகள் ஐந்து லட்சம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்தக் காளையின் ஐந்தாம் குரோமோசோமில் ஏபிஏஎஃப்1 என்ற மரபணு பழுதாகியிருந்தது. பழுதான பிரதி இரண்டும் சேர்ந்த கன்று வயிற்றிலேயே இறந்துவிடும். உழவருக்குத் தெரிந்ததெல்லாம் மாடு சினை தங்கவில்லை, மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது என்பதுதான். டி.என்.ஏ.வின் பல ஆயிரம் இடங்களை ஒரே சமயத்தில் படிக்கும் மரபணுச் சில்லு கொண்டு ஆயிரக்கணக்கான மாடுகளைச் சோதித்தபோது, குரோமோசோமின் அந்தப் பகுதியில் பழுதான பிரதி இரண்டும் உள்ள உயிருள்ள மாடு ஒன்றுகூட இல்லாததை 2011இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இல்லாத ஒன்றைக் கண்டதனால் நோய் வெளிப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சினைகள் இதனால் கலைந்திருக்கும் என்றும், இழப்பு சுமார் 42 கோடி டாலர் என்றும் பின்னர் மதிப்பிட்டார்கள். மரபணுப் பரிசோதனைகள் இப்படி மறைந்திருந்த கேட்டையும் காட்டிக்கொடுக்கின்றன என்பது ஒரு செய்தி. சில கிடாய்களையோ காளைகளையோ மட்டும் நம்பி ஒரு நாட்டின் இனத்தையே பெருக்கினால், அவற்றில் ஒளிந்திருக்கும் குறையும் சேர்ந்தே பெருகும் என்பது அதைவிட முக்கியமான செய்தி. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் பசுக்களுக்கும் எருமைகளுக்குமான மரபணுச் சில்லுகள் வெளியிடப்பட்டுள்ள நிலையில், கருவூட்டலுக்குப் பயன்படும் காளைகளின் கருவளக் குறைபாட்டு மரபணு விவரங்களும் உழவர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். செம்மறிக்கும் இது பொருந்தும். பல்டனிலிருந்தோ அவிகாநகரிலிருந்தோ ஒரு சில கிடாய்களைக் கொண்டுவந்து மாவட்டம் முழுவதும் பரப்பிவிட்டால், பத்து ஆண்டுகளில் எல்லாப் பட்டிகளிலும் உறவுக்குள் உறவு சேர்ந்துவிடும்.

அதோடு நம் இனங்களை இழக்கும் அச்சமும் இருக்கிறது. மேச்சேரியின் தோல் தரம், வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகள் கரிசல் காட்டு வெயிலைத் தாங்கும் திறன், சென்னைச் சிவப்பு ஆட்டின் வளர்ச்சி ஆகியவை பல தலைமுறை ஆட்டுக்காரர்களின் உழைப்பு. கரோல் இரத்தம் பாதி கலந்தால் குட்டி எண்ணிக்கை கூடும். உடல் எடை இறங்கிவிடும். கறிக்கு எடை பார்த்து விற்கும் நம் சந்தையில், இரண்டு சிறு குட்டிகள் ஒரு நல்ல குட்டிக்கு ஈடாகாமல் போகலாம். இதற்கு வழி இருக்கிறது. அங்கேதான் மரபணுப் பரிசோதனையின் முழுப் பயனும் தெரிகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஃபெக்-பி உள்ள குட்டியை மட்டும் சோதித்து எடுத்து, மீண்டும் தூய மேச்சேரியுடன் சேர்த்தால், கரோலின் பங்கு பாதி, கால், அரைக்கால், வீசம் என்று குறைந்துகொண்டே போகும். மரபணு மட்டும் தங்கும். சோதனை இல்லாத காலத்தில் இதைச் செய்ய முடியாது. ஆனால் இது ஆராய்ச்சி நிலையத்தில், பதிவேட்டோடு, பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. வியாபாரிகள் வட மாநிலங்களிலிருந்து லாரியில் ஏற்றிவரும் கலப்பு ஆடுகளால் நடக்காது.

வெளியிலிருந்து கொண்டுவருவதற்கு முன் நம்மிடம் இருப்பதைத் தேடவும் வேண்டும். உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையம் காத்துவரும் நீலகிரி இனத்தில், சில ஆடுகளுக்கு ஃபெக்-பி இருப்பது பத்தாண்டுகளுக்கு முன்னரே ஆய்வுக் கட்டுரையாக வந்திருக்கிறது. எண்ணிக்கையில் அருகிவரும் அந்த இனத்தைக் காப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை. கம்பளிக்கு விலை இல்லை என்று கைவிடப்பட்டுவரும் ஓர் ஆட்டில், சமவெளி ஆட்டுக்காரருக்குப் பயன்படக்கூடிய மரபணு இருக்கிறது. நம் சமவெளி இனங்கள் எல்லாவற்றிலும், குறிப்பாகத் தொடர்ந்து இரட்டை ஈன்றதாகப் பேர்பெற்ற தாய்களிலும், இந்த மாற்றம் எங்கெங்கே இருக்கிறது என்று முறையாகத் தேட வேண்டும். தேடுவதற்கு ஆகும் செலவு, தவறான கிடாய்க்கு ஆட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

இவற்றையெல்லாம் கருதித் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறையிடமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திடமும் உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இதுதான். அரசுப் பண்ணைகளிலிருந்தும் ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தும் ஆட்டுக்காரர்களுக்கு வழங்கப்படும் ஒவ்வொரு செம்மறிப் பொலிகிடாய்க்கும் ஃபெக்-பி பரிசோதனை செய்து, பிரதி இல்லை, ஒன்று, இரண்டு என்ற முடிவை, காதுத் தோட்டின் எண்ணோடு சேர்த்து விற்பனைச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும். கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இரத்த மாதிரியைக் கொடுத்தால், குறைந்த கட்டணத்தில் முடிவு வந்துசேரும் ஏற்பாடு வேண்டும். தனியாரிடம் கிடாய் வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன் சோதித்துக்கொள்ள அது உதவும். சான்று இல்லாமல் 'இரட்டைக் குட்டி உறுதி' என்று விளம்பரம் செய்து விற்பதைத் தடுக்க வேண்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டம் போன்றவற்றில், நிலமும் தீவனமும் இல்லாத ஏழைப் பெண்களுக்கு இந்த ஆடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஆசை யாருக்கேனும் வந்தால், சினையின் கடைசி ஒன்றரை மாதத்துக்கும் ஈன்ற பின் இரண்டு மாதத்துக்கும் அடர்தீவனம் சேர்த்துத் தராமல் அதைச் செய்யக் கூடாது. வலசை போகும் கிடைகளுக்கு, அவர்களே கேட்டாலொழிய, இதைப் பரிந்துரைக்கவே வேண்டாம்.

இந்தச் சோதனை தற்போது தமிழ்நாட்டில் எந்தெந்த ஆய்வகங்களில் ஆட்டுக்காரர்களுக்குச் செய்து தரப்படும், மாதிரியை எப்படி எடுத்து எப்படி அனுப்ப வேண்டும், கட்டணம் என்ன, எத்தனை நாளில் முடிவு கிடைக்கும் என்ற விவரங்களைத் துறையிடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்டுப் பெற்று, உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.